மலரும் இலையும்: கேதேயின் செடிநூல் பற்றி ஒரு திறனாய்வு

புலவர் ஒருவர் சொன்ன சொல்லைப் பிற்காலத்து அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்று கேட்கும்போது தமிழாசிரியர்களாகிய நமக்கு உள்ளம் குளிர்கிறது. அணுவுக்கு ஒரு பாட்டு, வானூர்திக்கு ஒரு பாட்டு என்று மேடைதோறும் எடுத்துக் காட்டுவதில் நாம் சலிப்பதில்லை. இப்பழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. செருமானிய மாக்கவி கேதே 1790-ஆம் ஆண்டில் செடிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். மலரின் உறுப்புகளை மரபணுக்கள் எவ்வாறு ஆளுகின்றன என்று இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அறிவியலார் கண்டனர். கண்டவுடனே, ‘கேதே முன்னரே சொல்லிவிட்டார்’ என்ற பேச்சும் எழுந்தது. ஆராய்ச்சியாளர் சிலரே தம் கட்டுரைகளில் அவர் பெயரை முன்வைத்துப் பேசுகின்றனர்.

இக்கூற்று எவ்வளவு உண்மை? அதனை நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு நூலைப் புகழ்வோர் அதில் இல்லாததையும் அதன்மேல் ஏற்றிச் சொல்லக்கூடும். மதிப்பிடுவோர்க்கு அவ்வுரிமை இல்லை. நூல் யாது கூறிற்று, யாது கூறவில்லை, கூறியவற்றுள் எது நின்றது, எது வீழ்ந்தது என்று ஒவ்வொன்றாய்க் காணல் வேண்டும். அவ்வாறு கண்ட பின்னர் எஞ்சி நிற்பதே அந்நூலுக்குரிய உண்மையான புகழ்.

நூல் பிறந்த வகை

கேதே (1749–1832) வைமர் அரசில் அமைச்சுப் பொறுப்பு ஏற்றிருந்தவர். 1786-இல் அலுவற் சுமையை உதறிவிட்டு, நண்பர்க்கும் சொல்லாமல் இத்தாலி நாட்டுக்குப் புறப்பட்டார். பதுவா நகரத்துச் செடித் தோட்டத்தில் ஒரு விசிறிப் பனை அவர் கண்ணைக் கவர்ந்தது. அதன் அடியிலை ஈட்டி போல் ஒற்றையாய் நீண்டிருந்தது. மேலே செல்லச் செல்ல இலை பிளவுபட்டு, முடிவில் முழு விசிறியாக விரிந்தது. ஒரே செடியில் ஓர் உறுப்பு படிப்படியாக உருமாறும் வரிசையை அங்கே அவர் கண்டார். தோட்டக்காரரிடம் கேட்டு அவ்விலை வரிசையை வெட்டுவித்துத் தம்மோடு கொண்டு சென்றார். 1585-இல் நடப்பட்ட அப்பனை இன்றும் ‘கேதேயின் பனை’ என்ற பெயரோடு அங்கே நிற்கிறது.

அடுத்த ஆண்டில் சிசிலித் தீவின் பலெர்மோ நகரப் பூங்காவில் உலவியபோது, இத்தனை வகைச் செடிகளுக்கும் அடிப்படையான ‘முதற்செடி’ ஒன்று இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. 1788-இல் ஊர் திரும்பினார். 1790-இல் ‘செடிகளின் உருமாற்றத்தை விளக்கும் முயற்சி’ என்ற பொருள்படும் பெயரோடு நூல் வெளிவந்தது. அவருடைய மற்ற நூல்களை வெளியிட்டு வந்த பதிப்பாளர் இதனை ஏற்கவில்லை. கோத்தா நகரத்துப் பதிப்பாளர் வேறொருவரே அச்சிட்டார். கவிஞர்க்குச் செடிநூலில் என்ன வேலை என்று அக்காலத்தார் பலர் எண்ணினர். 1798-இல் அவர் அதே கருத்தைத் தம் அன்புக்குரியவளுக்கு விளக்குவது போல ஒரு பாட்டாகவும் பாடினார். எனினும், நம் ஆய்வுக்குரியது பாட்டன்று. எண்ணிட்ட 123 சிறு பத்திகளால் ஆன அவ்வுரைநூலே.

நூல் கூறும் கருத்து

ஒரு மலரை எடுத்துக்கொள்வோம். வெளியே பச்சை நிறத்தில் நின்று மொட்டைக் காப்பவை புல்லி இதழ்கள். அதற்குள்ளே நிறமும் மணமும் கொண்டு விளங்குபவை அல்லி இதழ்கள். அடுத்து நிற்பவை மகரந்தத் தாள்கள். நடுவே இருப்பது சூலகம். இந்நான்கும் உருவாலும் தொழிலாலும் வேறுபட்டவை. ஆயினும் இவையும், தண்டில் உள்ள இலையும், விதைக்குள் உறங்கும் வித்திலையும் ஒரே உறுப்பின் பல தோற்றங்களே என்பது கேதேயின் கொள்கை. விதையிலிருந்து இலையாக விரிதல், புல்லியாகச் சுருங்கல், அல்லியாக விரிதல், தாளும் சூலகமுமாகச் சுருங்கல், கனியாக விரிதல், மீண்டும் விதையாகச் சுருங்கல் என ஆறு படிகளை அவர் வகுத்தார்.

இதற்கு அவர் காட்டிய சான்று எது என்பதை நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். அவர் உருமாற்றத்தை மூன்றாகப் பிரித்தார். முறையாக முன்னேறிச் செல்வது ஒன்று. முறை பிறழ்ந்து பின்னோக்கிச் செல்வது மற்றொன்று. பூச்சி முதலிய புறக் காரணத்தால் தற்செயலாக நேர்வது மூன்றாவது. இவற்றுள் இரண்டாம் வகையே அவர் கருத்துக்குத் துணை நின்றது. நடுவில் சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் தண்டு ஒன்று எழுந்து, அதில் இதழ்களும் இலைகளும் கலந்து தோன்றிய ஒரு ரோசா மலரை அவர் விரித்து உரைக்கிறார். அவ்வாறே மலருக்குள்ளிருந்து மலர் தோன்றிய ஒரு கார்னேசன் பூவையும் காட்டுகிறார். பிறர் விகாரம் என்று ஒதுக்கியவற்றைக் கொண்டே அவர் இயல்பான மலரின் அமைப்பைக் கற்றார்.

இதனை நம் வீட்டு வேலியிலேயே காணலாம். மலேசியாவின் தேசிய மலராக 1960-இல் அறிவிக்கப்பட்டது ஐந்து இதழ்ச் செம்பருத்தி. அதன் நடுவே மகரந்தத் தாள்கள் ஒரு குழலாக இணைந்து நீண்டு நிற்கின்றன. அடுக்குச் செம்பருத்தி ஒன்றைக் கொய்து இதழ் இதழாகப் பிரித்துப் பாருங்கள். உள்ளிதழ்கள் சிலவற்றின் ஓரத்தில் மகரந்தப் பை ஒட்டியிருப்பதைக் காண்பீர்கள். பாதி இதழ், பாதி தாள்! தாளாக வேண்டியது இதழாகிவிட்டது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

நூலின் குறைகள்

இனிக் குறைகளைக் கூறுவோம். உறுப்புகள் ஏன் உருமாறுகின்றன என்ற கேள்விக்குக் கேதே தந்த விடை இன்று நில்லாது. செடியின் சாறு கீழிருந்து மேலேறும்போது கணுத்தோறும் வடிகட்டப்பட்டுத் தூய்மை பெறுகிறது என்றும், பருஞ்சாறு இலையையும் நுண்சாறு மலரையும் ஆக்குகிறது என்றும் அவர் கருதினார். இது அக்காலத்து ஊகம்; இதற்கு அவர் சோதனை எதுவும் செய்து காட்டவில்லை. விரிதல், சுருங்கல் என்னும் ஆறு படிகளும் பாட்டின் சந்தம் போல அழகாக அமைந்தவை. ஆனால் அளந்து நிறுவப்பட்டவையல்ல.

இக்கருத்தை முதலில் உரைத்தவர் அவரும் அல்லர். காஸ்பர் பிரீட்ரிக் உல்ப் என்பார் 1760-களிலேயே மலரின் உறுப்புகள் பலவும் உருமாறிய இலைகளே என்று எழுதியிருந்தார். பின்னாளில் இதனை அறிந்த கேதே, தமக்கு முன்னோடி ஒருவர் இருந்தார் என்று தாமே எழுதி ஒப்புக்கொண்டார். அவ்வளவு நேர்மையாக அவர் ஒப்புக்கொண்ட ஒன்றை அவரைப் புகழ்வோர் மறைப்பது முறையன்று.

மூன்றாவது குறை நுட்பமானது. ‘முதற்செடி’ என்று அவர் கருதியது மனத்தால் காணும் ஒரு வடிவத்தை. இன்றுள்ள செடிகளெல்லாம் முன்னொரு காலத்தில் வாழ்ந்த ஒரு செடியின் வழித்தோன்றல்கள் என்று அந்நூலில் அவர் கூறவில்லை. டார்வினின் நூல் வெளிவந்தது 1859-இல். ஒற்றுமைக்குக் காரணம் ஒரே குலத்திற் பிறந்தமை என்பது அதன் பின்னரே நிலைபெற்றது. ஆகவே, மலர்களின் ஒருமையைக் கண்டார் என்று கேதேயைச் சொல்லலாம். அவ்வொருமையின் வரலாற்றைக் கண்டார் என்று சொல்லலாகாது.

மரபணு ஆராய்ச்சி கூறுவது

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டு செடிகள் இவ்வாராய்ச்சிக்குக் களமாயின. ஒன்று அரபிடாப்சிஸ், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு களை. மற்றொன்று ஆன்டிரைனம், வாய் திறந்தது போன்ற பூவை உடைய தோட்டச் செடி. அமெரிக்காவில் எலியட் மெயரோவிட்சும் இங்கிலாந்தில் என்ரிக்கோ கோயனும், உறுப்பு இடம் மாறித் தோன்றும் பிறழ்ந்த மலர்களைத் தொகுத்து ஆராய்ந்தனர். 1991-இல் இருவரும் சேர்ந்து ஒரு விதியை வெளியிட்டனர்.

விதி எளியது. மலரின் அடுக்குகளை ‘ஏ’, ‘பி’, ‘சி’ எனும் மூன்று மரபணு அலுவல்கள் ஆளுகின்றன. ‘ஏ’ தனியே வேலை செய்யும் இடத்தில் புல்லி தோன்றும். ‘ஏ’யும் ‘பி’யும் சேர்ந்தால் அல்லி. ‘பி’யும் ‘சி’யும் சேர்ந்தால் மகரந்தத் தாள். ‘சி’ தனித்திருந்தால் சூலகம். ‘ஏ’ உள்ள இடத்துக்குச் ‘சி’ வராது. ‘சி’ உள்ள இடத்துக்கு ‘ஏ’ வராது. ஒன்று அழிந்தால் மற்றது அதன் எல்லைக்குள்ளும் பரவும். மூன்று எழுத்துகளைக் கொண்டு நான்கு உறுப்புகளை எழுதும் இவ்விதி, குறில் நெடில் கூட்டிச் சொல்லமைக்கும் இலக்கணத்தைப் போன்றது.

இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ‘பி’ பழுதுபட்டால் வெளியே இரண்டு அடுக்கும் புல்லியாக, உள்ளே இரண்டு அடுக்கும் சூலகமாக வேண்டும், அவ்வாறே ஆகிறது. ‘சி’ பழுதுபட்டால் தாள்கள் இருக்க வேண்டிய இடத்தில் இதழ்கள் வர வேண்டும், வருகின்றன. அதனோடு நில்லாமல், சூலகத்தின் இடத்தில் மற்றொரு மலர் தொடங்கி, அதற்குள் இன்னொன்று என்று அடுக்கடுக்காக வளர்கிறது. மலர் வளர்ச்சியை முடித்து வைப்பதும் ‘சி’யின் பொறுப்பே. அரபிடாப்சிஸ் செடியில் இவ்வலுவலைச் செய்யும் மரபணுவுக்கு ‘அகாமஸ்’ என்று பெயர்; அது 1990-இல் பிரித்தறியப்பட்டது. கேதே கண்ட ரோசாவில் எது பழுதுபட்டது என்று இன்று யாரும் கூற இயலாது. ஆயினும் மலருக்குள் மலர் தோன்றுவது எவ்வாறு என்பதற்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது.

மூன்று அலுவல்களையும் ஒருங்கே நீக்கினால் யாதாகும்? நான்கு அடுக்கிலும் இலை போன்ற உறுப்புகளே தோன்றின. சிற்சில இடங்களில் சூலகத்தின் சாயல் எஞ்சியிருந்தது. எனினும் இலைத்தன்மையே மேலோங்கி நின்றது. ஆனால் இலையில் ‘ஏ’, ‘பி’ மரபணுக்களை இயங்கச் செய்தாலும் அது இதழாகவில்லை. ஏதோ ஒன்று குறைந்தது. ‘செபல்லாட்டா’ என்னும் மரபணுக் குழு 2000-இல் கண்டறியப்பட்டபோது அக்குறை தெளிவாயிற்று. 2001-இல் அதனையும் சேர்த்து இயக்கியபோது, தண்டில் இலை முளைக்கும் இடத்தில் இதழ் போன்ற உறுப்பு தோன்றியது. மலர் உறுப்பு இலையாகிறது. இலை மலர் உறுப்பாகிறது. இரு திசையிலும் சோதனை முடிந்தது.

பல குலத்துக்கும் ஒரே சட்டம்

ஒரு களையிலும் ஒரு தோட்டப் பூவிலும் கண்ட விதி, எல்லாப் பூச்செடிகளுக்கும் பொருந்துமா? நூலின் மதிப்பீடு இக்கேள்வியில்தான் அடங்கியுள்ளது. கேதே எல்லாச் செடிகளுக்கும் பொதுவாகவே பேசினார் அன்றோ?

நெற்பூவை நோக்குவோம். அதற்கு வண்ண இதழ் இல்லை. உமிக்குள் இரண்டு சிறு செதில்கள் உள்ளன. அவை நீரேற்றுப் புடைத்து உமியைத் திறக்கின்றன. அச்செதில்கள் எந்த உறுப்பின் உருமாற்றம் என்று செடிநூலார் நெடுங்காலம் வாதிட்டனர். நெல்லில் ‘பி’ மரபணு பழுதுபட்டபோது ஆறு மகரந்தத் தாள்களும் சூலகமாக மாறின. செதில்களோ உமி போன்ற உறுப்பாயின. மக்காச்சோளத்திலும் அவ்வாறே. ஆகவே செதில், அல்லி இதழின் இடத்தில் நிற்பது என்பது புலனாயிற்று. இன்னும் ஒரு படி மேலே சென்று, மக்காச்சோளத்தின் ‘பி’ மரபணுவை எடுத்து, அம்மரபணு பழுதுபட்ட அரபிடாப்சிஸ் செடியில் செலுத்தினர். இழந்த இதழும் தாளும் மீண்டும் தோன்றின. புல்லின் குலமும் கடுகின் குலமும் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. இருந்தும் ஒன்றின் ஆணையை மற்றது புரிந்துகொள்கிறது!

இதனைவிட வியப்பான செய்தி உண்டு. பூவே பூக்காத ஊசியிலை மரங்களிலும் ‘பி’, ‘சி’ வகை மரபணுக்கள் உள்ளன. ஆண் கூம்பில் இரண்டும், பெண் கூம்பில் ‘சி’ வகை மட்டும் இயங்குகின்றன. மலர் தோன்றுவதற்கு முன்னரே ஆண், பெண் உறுப்புகளை வேறுபடுத்தும் முறை தோன்றிவிட்டது; மலர் அதனை எடுத்தாண்டது என்று கொள்ளலாம்.

அடுக்கு மலர்களின் கதையும் இதுவே. சப்பானியர் எடோ காலத்திலேயே விரும்பி வளர்த்த அடுக்குக் காலைப்பூக்களில் ‘சி’ வகை மரபணு ஒன்றில் இடம்பெயர் துணுக்கு ஒன்று நுழைந்து அதனைக் கெடுத்திருந்தது. ரோசாவில் ‘சி’ அழியவில்லை. அது இயங்கும் எல்லை நடுவை நோக்கிச் சுருங்கியது. ஐரோப்பாவிலும் சீனத்திலும் தோட்டக்காரர்கள் ஒருவரையொருவர் அறியாமல் தேர்ந்தெடுத்த அடுக்கு ரோசாக்கள் இரண்டிலும் இதே மாற்றம் காணப்பட்டது. மரபணுவின் எழுத்து மாறவில்லை. அது எங்கே இயங்குகிறது என்பதே மாறியது. மரபணுவை ஆளும் முறை என்று நாம் கூறுவது இதனைத்தான்.

இவ்வாறு ஒரே சட்டம் பல குலங்களிலும் நிலைத்திருப்பதால் தீமையும் உண்டு. எள் பயிரிடுவோர் ஒரு நோயை அறிவர். பூக்களெல்லாம் பச்சை இலைக் கொத்தாக மாறிக் காய் பிடிக்காமற் போகும். தத்துப்பூச்சி கொண்டுவரும் ஒரு நுண்ணுயிரால் இவ்வகை நோய் வருகிறது. இத்தகைய நுண்ணுயிர்களுள் ஒன்று ஆக்கும் ஒரு புரதம், மலர் உறுப்பை ஆளும் புரதங்களைச் சிதைத்துவிடுகிறது என்று அரபிடாப்சிஸ் செடியில் 2014-இல் காட்டப்பட்டது. செடி தன் மலரை இலையாக்கிப் பூச்சிக்கு விருந்து வைக்கிறது. இங்கே கேதேயின் பெருங்குறை ஒன்று வெளிப்படுகிறது. பூச்சி முதலியவற்றால் நேரும் மூன்றாம் வகை உருமாற்றம் ஆராய்ச்சியை வழி தவறச் செய்யும் என்று அவர் ஒதுக்கினார். அவர் ஒதுக்கிய அவ்விடத்திலேயே இயற்கை அவர் கொள்கையைச் சோதித்துக் கொண்டிருந்தது!

சட்டம் நெகிழும் இடங்கள்

இனி மறுபக்கத்தையும் கூறாவிடில் திறனாய்வு நடுநிலை இழக்கும். மூன்று அலுவல்களும் எல்லாச் செடியிலும் ஒரே வகையாய்ப் பேணப்படவில்லை. ‘பி’யும் ‘சி’யும் உறுதியாக நிலைபெற்றவை. ‘ஏ’யின் நிலையோ ஐயத்துக்குரியது. அரபிடாப்சிஸ் செடியில் ‘ஏ’ என்று சொல்லப்பட்ட அலுவல், அதே வடிவில் மற்றச் செடிகளில் அகப்படவில்லை. ஆன்டிரைனத்திலும் பெட்டூனியாவிலும் ‘சி’யை வெளியடுக்குகளுக்கு வராமல் தடுப்பது வேறொரு காவலாளி, சிறு ஆர்.என்.ஏ. வகையைச் சேர்ந்தது. இது 2007-இல் தெரியவந்தது. பயன் ஒன்று, பயனைத் தரும் கருவி வேறு.

ஆளும் இடம் மாறியதும் உண்டு. அரபிடாப்சிஸ் செடியின் அகாமசுக்கு நேர் உடன்பிறப்பான மரபணு ஆன்டிரைனத்தில் ‘பாரினெல்லி’ என்பது. ஆனால் அங்கே ‘சி’ அலுவலைப் பெரும்பாலும் நடத்துவது ‘பிளீனா’. பிளீனாவின் நேர் உடன்பிறப்போ அரபிடாப்சிஸ் செடியில் காய் வெடித்துத் திறப்பதைக் கவனிக்கிறது. முன்னொரு காலத்தில் ஒரு மரபணு இரண்டாகப் பெருகியது. இரு குலங்களும் அவ்விரண்டுக்கும் வேலையைத் தத்தம் விருப்பம் போலப் பங்கிட்டன. அலுவல் பேணப்பட்டது, அலுவலர் மாறினார். இதனைக் காணாமல், பெயர் ஒத்தால் தொழிலும் ஒக்கும் என்று கொள்வது பிழையாகும்.

அல்லியின் குலத்தைச் சேர்ந்த துலிப் மலரில் புல்லியும் அல்லியும் ஒன்று போலவே வண்ணம் கொண்டுள்ளன. ‘பி’யின் எல்லை ஓர் அடுக்கு வெளியே நகர்ந்ததே காரணம். ஆர்க்கிட் மலர்களிலோ ‘பி’ வகை மரபணுக்களுள் ஒரு பிரிவு நான்காகப் பெருகி, உதடு போன்ற தனி இதழை மற்ற இதழ்களினின்று வேறுபடுத்துகிறது. 1981-இல் சிங்கப்பூரின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் சோக்கிம் மலரின் அகன்ற உதட்டைக் காண்போர் இதனை நினைவு கூரலாம். பழைய சட்டத்தை அழிக்காமல், அதன் எல்லையை நகர்த்தியும் படியெடுத்துப் பெருக்கியுமே இயற்கை புதுமை செய்துள்ளது.

நூலுக்குரிய மதிப்பு

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்தால், ‘கேதே முன்னரே சொல்லிவிட்டார்’ என்னும் கூற்று முழுதும் நில்லாது. முழுதும் வீழவும் வீழாது. மரபணு என்னும் எண்ணமே அவரிடம் இல்லை. காரணம் கூறிய இடத்தில் தவறினார். முதன்மையும் அவருக்குரியதன்று. ஆயினும் மூன்று சிறப்புகள் அவரை விட்டு நீங்கா. உறுப்புகளின் ஒருமையைத் தம் கண்ணால் கண்டு, வரிசைப்படுத்திக் காட்டினார். பிறழ்ந்த மலரே இயல்பான மலருக்கு உரைநூல் என்னும் நெறியைக் கையாண்டார். இன்றைய ஆராய்ச்சியாளரும் அந்நெறியில்தான் சென்று வென்றனர். மூன்றாவது சிறப்பைப் பலரும் கவனிப்பதில்லை. நூலின் முடிவை நெருங்கும் ஒரு பத்தியில், தாளைச் சுருங்கிய இதழ் என்று கூறலாமாயின், இதழை விரிந்த தாள் என்று கூறுவதும் ஒக்கும் என்கிறார். பல வடிவம் கொள்ளும் அவ்வுறுப்புக்குப் பொதுச்சொல் ஒன்று வேண்டும் என்றும் உணர்கிறார். ஆகவே ‘இலை’ என்று அவர் சொன்னது, சொல் இல்லாத குறைக்கு வழங்கிய சொல். ‘எல்லாம் இலையே என்றார் கேதே’ என்று முழக்குவோர் இப்பத்தியைப் படித்தல் வேண்டும். தம் சொல்லின் எல்லையைத் தாமே அறிந்திருந்த ஆசிரியரை, அவ்வெல்லைக்கு அப்பால் இழுத்துச் செல்வது அவருக்குச் செய்யும் மதிப்பாகாது.

நமக்குரிய பாடம்

இவ்வளவும் செருமானியப் புலவர் ஒருவரைப் பற்றியது. நம் நூல்களுக்கும் இவ்வளவுகோல் வேண்டுவதே. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. இஃது ஒருவித்திலை, இருவித்திலை எனும் இக்காலப் பகுப்பே என்று மேடையில் கூறக் கேட்டிருக்கிறோம். பனையும் தெங்கும் மூங்கிலும் புறக்காழ் உடையவை. அவை ஒருவித்திலைத் தாவரங்களே. அவ்வளவில் பொருத்தம் வியப்புக்குரியது. ஆனால் தொல்காப்பியர் நோக்கியது வயிரத்தை. வித்திலையை எண்ணியதாக அவர் கூறவில்லை. வயிரம் எங்கே உள்ளது என்று நோக்கி இவ்வளவு நல்ல பகுப்பைக் கண்டார் என்பதே அவருக்குப் போதிய பெருமை.

அவ்வியலிலேயே தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ் என்பன புல்லின் உறுப்புப் பெயர்களாக வருகின்றன. தோடும் மடலும் ஏடும் இதழும் பூவின் உறுப்புக்கும் நம் மொழியில் வழங்குகின்றன. ஓலையையும் பூவிதழையும் ஒரே சொல்லால் அழைத்த மக்கள், இரண்டுக்கும் உள்ள உருவ ஒற்றுமையைக் கண்டவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இதிலிருந்து, உருமாற்றக் கொள்கையைத் தமிழர் கேதேக்கு முன்னரே கண்டனர் என்று முடிவு கட்டலாகாது. சொல்லின் ஒற்றுமை காட்சிக்குச் சான்று; கொள்கைக்குச் சான்றாகாது. கேதேக்கு மறுத்த சலுகையை நமக்கு மட்டும் அளித்துக்கொள்வது எவ்வாறு நேர்மையாகும்?

மாணாக்கர்க்கு இதனைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர், ஐந்து இதழ்ச் செம்பருத்தி ஒன்றும் அடுக்குச் செம்பருத்தி ஒன்றும் வகுப்புக்குக் கொண்டு செல்லலாம். இரண்டையும் பிரித்து மேசைமேல் வரிசையாக வைக்கச் சொல்லலாம். இதழின் ஓரத்தில் மகரந்தப் பையைக் காணும் மாணவன், கேதே கண்டதைத் தானும் காண்கிறான். அவன் ‘ஏன்?’ என்று கேட்பானாயின், அங்கிருந்து அகாமசுக்கும் நெற்பூவுக்கும் அவனை அழைத்துச் செல்லலாம். தொல்காப்பியத்தின் தோடும் ஏடும் அப்போது அவன் காதில் புதிதாக ஒலிக்கும். யார் முதலில் சொன்னார் என்ற வழக்கை அதன் பின்னர் அவனே தீர்த்துக்கொள்வான்.